பேதி உப்பு வழக்கு

1912 மார்ச் 15, வெள்ளி

நேற்று நடந்ததை இன்று எழுதுகிறேன். எனக்குப் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொடுத்த டாக்டரம்மா, பார்த்ததைச் சூடு ஆறுவதற்குள் எழுதி வை என்பார்கள். பதினோரு வருஷமாக அப்படித்தான் எழுதி வருகிறேன். தாயின் பெயர், நேரம், பிள்ளையின் எடை, அவ்வளவுதான். இன்று கூடுதலாக எழுத வேண்டியிருக்கிறது.

காலை ஏழரை மணிக்கு அளத்துக் குடிசைகளிலிருந்து ஒரு பெண் ஓடி வந்தாள். உப்பளத்தில் வேலை செய்யும் இருளாண்டியின் மனைவி குருவம்மாவுக்கு விடியற்காலையிலிருந்து வலி. தலைப்பிரசவம். வெந்நீர் போடச் சொல்லி அந்தப் பெண்ணை முன்னால் அனுப்பிவிட்டுப் பையோடு பின்னாலேயே நடந்தேன். கருவேலந்துறையிலிருந்து அளத்துக்குப் போக ஒரே கரைதான். கரையின் முனையில் உப்பு இலாகாவின் சாவடியும் பண்டகசாலையும் இருக்கின்றன. புதிதாக வந்திருக்கும் இன்ஸ்பெக்டர் ஹார்க்னெஸ் துரை சாவடி வாசலில் நின்றுகொண்டிருந்தார். பையைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். கத்தரிக்கோல், நூல், பஞ்சு, கார்பாலிக் புட்டி, பேதி உப்புப் பொட்டலம். பொட்டலத்தைப் பிரித்து, கள்ள உப்பு என்றார்.

அளத்திலிருந்து உப்பைத் திருடிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அளத்துக்குள் உப்பைத் திருடிக்கொண்டு போகிறவள் உலகத்தில் உண்டா? இது மருந்து என்றேன். பிரசவத்துக்குப் போகிறேன் என்றேன். கொஞ்சம் பேச்சு நடந்தது. அதன் பிறகு என்னைப் பண்டகசாலையில் அடைத்துக் கதவைப் பூட்டச் சொன்னார்.

பொழுது சாய்கிற நேரத்தில் துரை குதிரையேறிப் போனதும் பியூன் மாசானம் வந்து பூட்டைத் திறந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஓடினேன்.

குருவம்மாவின் கை குளிர்ந்திருந்தது. பெண் குழந்தை, மூன்று மணிக்குப் பிறந்ததாம். நஞ்சுக்கொடி விழவில்லை, உதிரம் நிற்கவில்லை. பக்கத்துக் குடிசைப் பெண்கள் தெரிந்ததைச் செய்திருக்கிறார்கள். இருளாண்டி என்னைத் தேடிப் பண்டகசாலையின் பக்கமாகவே இரண்டு தடவை ஓடியிருக்கிறான். அதற்கு ஜன்னல் கிடையாது.

குழந்தை உயிரோடு இருக்கிறது. எடை ஐந்து ராத்தல்.

மார்ச் 17, ஞாயிறு

பையைக் கழுவிக் காயப்போட்டேன்.

மார்ச் 19, செவ்வாய்

பையை மறுபடியும் கழுவினேன். தையலுக்குள் தூள் இருக்கிறது. மேலத்தெருவில் ஒரு பிரசவம், ஆண் பிள்ளை, ஆறரை ராத்தல். தாய் சௌக்கியம்.

மார்ச் 22, வெள்ளி

குழந்தைக்கு ஆட்டுப்பாலில் எவ்வளவு தண்ணீர் கலக்க வேண்டும் என்று இருளாண்டியின் அக்காளுக்குக் காட்டிக் கொடுத்தேன். இருளாண்டி வாசலில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து இவரிடம், கோர்ட்டுக்குப் போகப் போகிறேன் என்று சொன்னேன். இவர் மிஷன் பள்ளியில் வாத்தியார். சண்டை என்றால் எதிர்த் தெரு வழியாகப் போகிற சுபாவம்.

"துரை மேலயா? நம்மள மாதிரி ஆளு போடுத கேஸா வடிவு இது?"

"நம்மள மாதிரி ஆளத்தான அடச்சாரு."

இவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

மார்ச் 25, திங்கள்

ஜில்லாத் தலைநகருக்குப் போய் வக்கீல் ஆதிமூலம் பிள்ளையைப் பார்த்தோம். வெற்றிலை போட்டபடியே கேட்டார். அளத்துக்குள் உப்புக் கொண்டுபோன குற்றம் என்ற இடம் வந்ததும் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எம்மா, இத ஜட்ஜு முன்னால சொன்னா அவரு மீசைக்குள்ள சிரிப்பாரு. ஆனா சட்டத்துல ஒரு தாழ்ப்பாள் இருக்கு. உத்தியோகஸ்தர் நல்லெண்ணத்தோட கடமையச் செஞ்சேன்னு சொன்னா, தப்பே செஞ்சிருந்தாலும் தாவா நிக்காது. தெரியாம பிடிச்சிட்டேன், சந்தேகத்துல அடச்சேன்னுதான் அவங்க சொல்வாங்க."

"என்ன மாஜிஸ்திரேட்டுகிட்ட கூட்டிட்டுப் போகலியே. சாவடிப் புஸ்தகத்துல எழுதலியே."

"அது நமக்குப் பலம். இருந்தாலும் கேக்கேன், அந்த எடத்துல உங்களுக்குள்ள வேற பேச்சு ஏதும் வந்துதா?"

ஒன்றும் இல்லை என்றேன்.

இன்னொன்றும் சொன்னார். என்னை அடைத்ததற்குத்தான் தாவா போட முடியுமாம். குருவம்மா செத்ததற்கு என் பெயரில் போட முடியாதாம். சட்டம் எழுதினவர்கள் வீட்டில் பிரசவமே நடந்ததில்லை போலிருக்கிறது.

ஏப்ரல் 3, புதன்

துரைக்கு நோட்டீஸ் போய்விட்டது. சர்க்கார் உத்தியோகஸ்தர் மேல் வழக்குப் போடுவதற்கு இரண்டு மாதம் முன்னால் தகவல் சொல்ல வேண்டுமாம். நோட்டீஸின் நகலை இவர் தன் குண்டெழுத்தில் எழுதினார். ஒரு அடித்தல் கிடையாது. எனக்குப் பெருமையாக இருந்தது. சொல்லவில்லை.

குழந்தை ஆறு ராத்தல்.

ஏப்ரல் 21, ஞாயிறு

மிஷன் கோவிலில் பிரசங்கம் நாக்கைப் பற்றி. தலைவலி என்று பாதியில் எழுந்து வந்துவிட்டேன். மீன் குழம்பு வைத்தேன். புளி கூடிவிட்டது.

மே 9, வியாழன்

உப்பு இலாகா பெரிய ஆபீஸிலிருந்து ஒரு சிரஸ்தார் வந்தார். மரியாதையான மனிதர். நாற்காலியில் உட்கார்ந்து மோர் குடித்தார், வெயிலைப் பற்றிப் பேசினார், மிஷன் பள்ளியின் கூரையைப் பார்த்து நல்ல ஓடு என்றார். அப்புறம் சமாசாரத்துக்கு வந்தார்.

"அம்மா கைராசி எங்க ஆபீஸ் வரைக்கும் தெரிஞ்சிருக்கு. தலைநகர் சர்க்கார் ஆஸ்பத்திரியில ஒரு எடம் காலியா இருக்கு. மருத்துவச்சி உத்தியோகம், குடியிருக்க வீடும் உண்டு. துரையும் சின்ன வயசு, மாத்தலாகிப் போயிருவாரு. நோட்டீஸ மட்டும் நீங்க வாபஸ் வாங்கிட்டா..."

"அந்த ஆஸ்பத்திரிக்குப் போற வழியில உங்க சாவடி ஏதும் இருக்காய்யா?" என்று கேட்டேன்.

அவருக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் சொம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். இவர் வாசல் வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார். சர்க்கார் ஆஸ்பத்திரி உத்தியோகம் என் பத்து வருஷத்து ஆசை என்பது இவருக்குத் தெரியும்.

ஜூன் 10, திங்கள்

பிராது தாக்கல் ஆயிற்று. ஞானவடிவு, வாதி. ஹார்க்னெஸ், பிரதிவாதி. எழுத்தில் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. என் பெயர் மேலே, அவர் பெயர் கீழே.

ஊருக்குள் இரண்டு கட்சி. மேலத்தெருவில் ஒரு வீட்டில், வழக்கு முடிகிற வரைக்கும் வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். அளத்துப் பெண்கள் மட்டும் வழியில் பார்த்தால் தலைச்சுமையோடு நின்று, "அம்மா, எப்பம் வாய்தா?" என்று கேட்கிறார்கள். நாள் பார்த்துக் கலியாணம் விசாரிப்பது போல.

ஆகஸ்டு 17, சனி

பிரதிவாதியின் பதில் வந்தது. வக்கீல் குமாஸ்தா தமிழில் எழுதி அனுப்பியிருந்தார். இவர் வாசித்தார்.

சந்தேகத்தின் பேரில் வாதியை அரை மணி நேரம் நிறுத்தி வைத்தது உண்மை. வாதி சாவடி வராந்தாவில் நாற்காலியில் மரியாதையுடன் உட்கார வைக்கப்பட்டாள். பிரசவத்துக்குப் போவதாக வாதி சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் உடனே விட்டிருப்போம்.

இவர் அந்தத் தாளை மேஜை மேல் வைத்தார்.

"அர மணியா? மத்தியானம் ரெண்டு மணிக்கு நீ வந்து சேரலன்னு இருளாண்டி வந்து சொன்னதும் பள்ளிக்கூடத்த விட்டுட்டு ஊரெல்லாம் ஒன்னத் தேடினேனே, அதுவும் அர மணிக்குள்ளயா? கடக்கரை வரைக்கும் போனேன் வடிவு. தண்ணியப் பாத்துட்டு நின்னேன்."

ஐந்து மாதமாக இதை இவர் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"நானே சாட்சி சொல்லுதேன்" என்றார். எதிர்த் தெரு வழியாகப் போகிற மனுஷன்.

அக்டோபர் 27, ஞாயிறு

விசாரணை டிசம்பரில். வக்கீல் கடிதம் எழுதியிருக்கிறார்: எல்லாம் பியூன் மாசானத்தின் வாயில் இருக்கிறது. துரைக்குத் தமிழ் பாதிதான் புரியும், அன்று இடையில் நின்று எடுத்துச் சொன்னவன் மாசானம்தான். அவனுக்கு நம் பக்கத்திலிருந்து சம்மன் அனுப்பியிருக்கிறது. ஆனால் அவன் சர்க்கார் சம்பளக்காரன், துரை பக்கம்தான் பேசுவான், மனத்தைத் தயாராக வைத்துக்கொள்ளவும்.

என் மனம் தயாராகத்தான் இருக்கிறது. ஆனால் மாசானம் உண்மையை மறைப்பான் என்று வக்கீல் பயப்படுகிறார். எனக்கு இருப்பது அந்தப் பயம் இல்லை.

நவம்பர் 6, புதன்

மூன்று நாளாக மழை. காலையில் வேலிப் படலுக்கு வெளியே மாசானம் குடையில்லாமல் நின்றான். உள்ளே வரவில்லை.

"அம்மா, வீட்டுல வலி கண்டிருக்கு. கால் முந்துதுன்னு சொல்லுதாங்க. ஒங்களக் கூப்பிட எனக்கு வாயில்ல."

பையை எடுத்தேன். இவர் என் காதருகே வந்து, "வடிவு, ஒரு வார்த்த சாட்சியப் பத்தி..." என்றார்.

"பிரசவத்துக்குக் கூலியா சாட்சி வாங்கச் சொல்லுதீயளா?"

இவர் குடையை எடுத்துக் கொடுத்தார்.

பியூன்களின் வீடு பண்டகசாலையை ஒட்டியே இருக்கிறது. அந்தக் கதவைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டினேன். கால் முந்திய பிள்ளைதான். இரண்டு மணி நேரம் போராடினேன். என் கை என் பேச்சைக் கேட்டது. பெண் குழந்தை, ஆறு ராத்தல், நீலமாக வந்து பிறகு சிவந்தது. தாய் சௌக்கியம்.

மாசானம் வெந்நீர்ப் பானையோடு நின்றான். "அம்மா, எனக்குச் சம்மன் வந்திருக்கு" என்றான்.

"அதப் பத்தி இப்ப ஒண்ணும் பேசாத. பானையக் கீழ வையி, கை வெந்துரும்."

டிசம்பர் 3, செவ்வாய்

கோர்ட்டில் கூட்டம் வராந்தா வரைக்கும் நின்றது. ஜட்ஜும் துரைதான், நரைத்த மீசை. தமிழ் கொஞ்சம் தெரியும் என்றாலும் பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர்.

ஹார்க்னெஸ் துரையை ஒன்பது மாதத்துக்குப் பிறகு இன்றுதான் பக்கத்தில் பார்த்தேன். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. வெயிலில் மூக்குத் தோல் உரிந்திருந்தது. தண்ணீர் குடிக்கும்போது தம்ளர் பல்லில் இடித்தது. அவருக்கும் எங்கோ ஒரு தாய் இருப்பாள், அவளுக்கும் யாரோ வந்து பிரசவம் பார்த்திருப்பார்கள் என்று நினைத்தேன். நினைத்துவிட்டுக் கூண்டில் ஏறினேன்.

முதலில் எங்கள் வக்கீல் கேட்டார். சொன்னேன். பிறகு சர்க்கார் வக்கீல் எழுந்தார்.

"நீ சரியான நேரத்துக்குப் போயிருந்தால் அந்தப் பெண் பிழைத்திருப்பாள். அதுதானே உன் கட்சி?"

எங்கள் வக்கீல் என்னைப் பார்த்துக் கண்ணால் ஆமாம் என்றார். இருளாண்டி சுவரோரம் நின்றுகொண்டிருந்தான்.

"தெரியாது" என்றேன். "நஞ்சு விழாத தாயை நான் பிழைக்க வச்சதும் உண்டு. பறிகொடுத்ததும் உண்டு. போயிருந்தா கை வச்சுப் பாத்திருப்பேன். அது மட்டுந்தான் எனக்குத் தெரியும்."

எங்கள் வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். ஜட்ஜ் பேனாவை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு வெகுநேரம் எழுதினார்.

இவர் சாட்சி சொன்னார். சொன்ன நேரம் ஒன்றுகூடப் பிசகவில்லை. இருளாண்டியும் சொன்னான். நாளை மாசானம்.

வேறு எதையும் சர்க்கார் வக்கீல் என்னிடம் கேட்கவில்லை. துரை அவரிடம் அதைச் சொல்லவில்லை போலும். கேட்காததற்கு நான் ஏன் பதில் சொல்ல வேண்டும்?

டிசம்பர் 4, புதன்

மாசானம் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு கூண்டில் ஏறினான். துரையைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. ஜட்ஜைப் பார்த்தே பேசினான்.

"பிரசவத்துக்குப் போறேன்னு இந்த அம்மா சொன்னாங்களா?"

"சொன்னாங்க. மூணு வாட்டி சொன்னாங்க. மூணு வாட்டியும் நான் துரைட்ட எடுத்துச் சொன்னேன்."

"எவ்வளவு நேரம் அடைத்து வைத்தீர்கள்?"

"எட்டு மணியிலேர்ந்து பொழுது சாயற வரைக்கும். பூட்டுனது நான்தான். தொறந்ததும் நான்தான்."

கூட்டத்தில் ஒரு மூச்சு எழுந்தது. எங்கள் வக்கீல் உட்காரப் போனார். மாசானம் இறங்கவில்லை.

"சத்தியம் பண்ணிருக்கேன். பாக்கியையும் சொல்லிருதேன். துரை முதல்ல விட்டுரத்தான் இருந்தாரு. போன்னு கைகூடக் காட்டுனாரு. அப்பதான் இந்த அம்மா ஒரு வார்த்த சொன்னாங்க. நாங்க பியூன் நாலு பேரும் சிரிச்சிட்டோம். எங்க சிரிப்பப் பாத்துட்டுத்தான் துரை பூட்டச் சொன்னாரு."

இதற்குத்தான் ஒன்பது மாதமாகப் பயந்தேன். இந்த நோட்டில்கூட எழுதாமல் வைத்திருந்தேன். போ என்று கை காட்டிய பிறகும் என் வாய் சும்மா இருக்கவில்லை. சும்மா இருந்திருந்தால் எட்டரை மணிக்குக் குருவம்மாவின் பக்கத்தில் இருந்திருப்பேன்.

ஜட்ஜ் என் பக்கம் திரும்பி, இது உண்மையா என்று கேட்டார். எழுந்து நின்றேன். உண்மை என்றேன். என்ன சொன்னாய் என்றார்.

"உப்புக்கும் மருந்துக்கும் வித்தியாசம் தெரியாத தலைக்கு இம்மாம்பெரிய தொப்பி எதுக்குன்னு சொன்னேன்."

வராந்தா வரைக்கும் சிரிப்புப் போயிற்று. மொழிபெயர்ப்பாளர் தொண்டையைக் கனைத்து, "தொப்பியைப் பற்றி ஒரு வார்த்தை" என்று ஆரம்பித்தார். ஜட்ஜ் கையைக் காட்டி நிறுத்தினார். அவருக்குப் புரிந்துவிட்டது.

அவர் சிரிக்கவில்லை. ஹார்க்னெஸ் துரையைக் கூண்டில் ஏற்றி அவரே கேட்டார். பொட்டலம் கள்ள உப்பு இல்லை என்று தெரிந்துதான் போகச் சொன்னீரா? துரையின் முகம் ரத்தமாகச் சிவந்தது. ஆமாம் என்றார். அப்படியென்றால் எதற்காகப் பூட்டினீர்? துரை கையிலிருந்த தொப்பியைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் வக்கீல் என் முன்னால் வந்து நின்றார்.

"இத ஏம்மா எங்கிட்ட மறச்சீங்க? அவங்களுக்கு இருந்த ஒரே தாழ்ப்பாள் நல்லெண்ணம். சந்தேகம் தீந்த பெறவு அடச்சாருன்னு ஆயிட்டுது பாத்தீங்களா? தாழ்ப்பாள் விழுந்துட்டு!"

அவர் சந்தோஷம் என் காதில் ஏறவில்லை. இருளாண்டி வேப்பமரத்தடியில் நின்றான். அவனிடம் போனேன்.

"இருளாண்டி, எல்லாத்தையும் கேட்டேல்லா. எவ் வாயிதான்..."

"கேட்டேம்மா" என்றான். துண்டால் முகத்தைத் துடைத்தான். "நான் அங்கன நின்னிருந்தா நானும் சிரிச்சிருப்பேன். குருவம்மா கேட்டிருந்தா ரெண்டு நாளைக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சிருப்பா. பூட்டுனது அவரு. நீங்க இல்ல."

வண்டியில் வரும் வழியெல்லாம் அழுதேன். இவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே வந்தார்.

டிசம்பர் 20, வெள்ளி

ஜெயித்தோம். நஷ்டஈடும் வழக்குச் செலவும் பிரதிவாதி தலையில். துரைக்கு உத்தியோகம் போகாதாம், வேறு ஜில்லாவுக்கு அனுப்புகிறார்களாம். போகட்டும். இனி எந்தச் சாவடியிலும் ஒரு மருத்துவச்சியின் பையைப் பார்த்தால் அவருக்கு என் முகம் ஞாபகம் வரும். மாசானத்தை வடக்கே மாற்றியிருக்கிறார்கள். கைக்குழந்தையோடு போகிறார்கள். போய்ப் பார்த்து, வழிக்கு வேண்டிய மருந்தைக் கட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மேலத்தெருக்காரர்கள் மறுபடியும் கூப்பிட்டு அனுப்பியிருக்கிறார்கள். திங்கட்கிழமை வருகிறேன் என்று சொன்னேன். உடனே போகிற அவசரம் ஒன்றும் இல்லை, ஏழாவது மாதம்தான்.

டிசம்பர் 22, ஞாயிறு

தீர்ப்பின் நகலை எடுத்துக்கொண்டு அளத்துக் குடிசைகளுக்குப் போனேன். மழை விட்டு, பாத்திகளில் தண்ணீர் வானம் தெரிய நின்றது. குழந்தை என் புடவையைப் பிடித்து எழுந்து நிற்கப் பார்த்தது. பதினாறு ராத்தல்.

இருளாண்டி தாளைப் பார்த்தான். எல்லாம் இங்கிலீஷ். வக்கீல் வரி வரியாகச் சொன்ன அர்த்தத்தை இவர் தமிழில் எழுதிக் கொடுத்திருந்தார்.

"இதுல அவ பேரு இருக்காம்மா?"

"இருக்கு. கடைசித் தாளில."

அந்த இடத்தைக் காட்டினேன். தன் விரலைக் கழுவிவிட்டு வந்து அதன் மேல் வைத்தான்.

"என்ன எழுதிருக்கு?"

வாசித்தேன்: "குருவம்மா என்ற பெண் பிழைத்திருப்பாளா என்று இந்தக் கோர்ட்டால் சொல்ல முடியாது. வாதியும் நேர்மையாக அப்படியே சொன்னாள். ஆனால் குருவம்மாவுக்கு வந்துகொண்டிருந்த உதவியைப் பிரதிவாதி சட்டத்துக்காகத் தடுக்கவில்லை, தன்னைப் பார்த்துப் பிறர் சிரித்ததற்காகத் தடுத்தார் என்று இந்தக் கோர்ட் சொல்கிறது. அந்த உதவி அவளுக்கு உரியது."

அவன் விரலை எடுக்கவில்லை.

"இன்னொருக்க வாசிங்க."

வாசித்தேன். அதற்குள் பக்கத்துக் குடிசையிலிருந்து ஒருத்தி வந்து குந்தினாள். அவளுக்குப் பின்னால் இரண்டு பேர். அன்று வெந்நீரோடு எனக்காகக் காத்திருந்த பெண்கள். சற்று நேரத்தில் வாசல் நிறைந்துவிட்டது. பின்னால் இருந்தவள் காதில் விழவில்லை என்றாள்.

எழுந்து நின்று, முதல் தாளிலிருந்து, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தேன்.